போர்வை தருவார்கள், பட்டா தருவார்களா?

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம் தோழர்களே. வருமான வரியில் 30 விழுக்காடு அடுக்கில் இருக்கும் ஒருவர், 80ஜி பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளைக்கு 1 லட்ச ரூபாய் நன்கொடை தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தருவதில் பாதித் தொகை, அதாவது 50,000 ரூபாய், அவருடைய வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். செஸ் போன்றவற்றை விட்டுவிட்டாலும் அவருக்கு 15,000 ரூபாய் வரி மிச்சம். ரசீதில் 1 லட்சம் என்று இருக்கும். அவர் கையிலிருந்து போனது 85,000 மட்டுமே. மீதி 15,000 கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டிய பொதுப்பணம். அந்தப் பணத்தை எந்த ஊரில், யாருக்கு, எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்தவர் அவர் ஒருவர். கல்வெட்டில் பெயரும் அவருடையதுதான்.

அதே 1 லட்சத்தைக் குறைந்த வரி அடுக்கில் இருப்பவர் கொடுத்தால் அவருக்குத் திரும்புவது அதைவிடக் குறைவு. பந்தலூரில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, பக்கத்து லயத்துப் பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 500 ரூபாய் போட்டால் திரும்புவது ஒன்றுமில்லை. அவர் வருமான வரி கட்டும் நிலையில் இல்லை. ஆனால் சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். ஆக, கூடுதலாக வைத்திருப்பவரின் இரக்கத்துக்கு அரசு கூடுதலாகத் துணைநிற்கிறது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது, கழிவுக்கு உச்சவரம்பும் உண்டு என்பதெல்லாம் உண்மை. அவற்றால் அடிப்படை மாறிவிடவில்லை.

நிறுவனங்களின் கதை இன்னும் பெரியது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நாம் சி.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான். இது வரியாக வந்திருந்தால் சட்டமன்றத்தில் விவாதித்துச் செலவிட்டிருப்பார்கள். இப்போது கம்பெனி இயக்குநர் குழு விவாதிக்கிறது. கொரோனா காலத்தில் இதன் அரசியல் வெளிப்படையாகவே தெரிந்தது. பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். கணக்கில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு விளக்கம் சொன்னது. அதே பி.எம். கேர்ஸ் பற்றித் தகவல் கேட்டால், அது பொது அதிகார அமைப்பே அல்ல என்றார்கள்.

இந்தச் சிந்தனை உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1996இல் ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகை உரிமையை வெட்டிச் சுருக்கிய காலத்திலேயே, ‘ஏழைகளை அரசைவிடத் தொண்டு நிறுவனங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளும், கொடுப்பவர்களுக்கு வரியைக் குறைத்தால் போதும்’ என்ற வாதம் ஓங்கி ஒலித்தது. அரிசோனா மாநிலம் 1997இல் அதைச் சட்டமாக்கியது. ஏழைகளுக்கு உதவும் அமைப்புக்கு ஒரு டாலர் கொடுத்தால், ஒரு வரம்புவரை, மாநில வரியில் ஒரு டாலர் அப்படியே குறையும். கொடுப்பவருக்குச் செலவே இல்லை. முழுக்க முழுக்கப் பொதுப்பணம், முடிவு மட்டும் தனியாருடையது.

நம் ஊரில் இது வேறு சட்டையில் வருகிறது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் நிதி தரலாம். 2024ஆம் ஆண்டின் கடைசியில், 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் ‘தத்தெடுக்கும்’ என்ற செய்தி பரவி, எதிர்ப்பு கிளம்பி, பள்ளிகள் யாருக்கும் தாரைவார்க்கப்படவில்லை என்று அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று. திட்டத்தின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ‘தத்தெடுப்பு’ என்ற சொல் அவ்வளவு இயல்பாக எல்லோர் வாயிலும் வந்ததே, அதுதான் என்னை உறுத்துகிறது. தத்தெடுக்கப்படுவது அநாதைப் பிள்ளை. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எப்போது அநாதையானது?

இதை நீலகிரியிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சுமார் 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டிலேயே திருவாரூருக்கு அடுத்தபடி இங்கேதான் அந்த விகிதம் அதிகம். சுற்றுலா வருபவர்கள் பார்க்கும் பச்சைக் கம்பளத்துக்குக் கீழே இருப்பது இவர்களின் முதுகெலும்பு. தேயிலைத் தோட்டங்களில் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம், பள்ளி ஆகியவை துரைமார்களின் கருணையால் வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் அவற்றை முதலாளியின் கடமையாக்கியது. 50 பெண் தொழிலாளர் இருந்தால் காப்பகம் வேண்டும். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி வேண்டும். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு வேண்டும். செய்யாவிட்டால் ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். முதலாளி குற்றவாளி ஆவார். காப்பகக் கூரை ஒழுகினால் அது சட்ட மீறல்.

நான் சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களைக் கேட்காமலேயே போடப்பட்ட ஒப்பந்தம். என் தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே 1968இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் டேன்டீ ஆனது. அதில் குறைகள் ஆயிரம். ஆனாலும் அந்தக் காலத்தில் யாரும் ‘சிலோன் அகதிகளுக்கு உதவ நன்கொடையாளர்கள் முன்வர வேண்டும்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. இரண்டு அரசுகள் சேர்ந்து பிடுங்கி நட்ட மக்களுக்கு வேலை தரும் பொறுப்பை அரசே ஏற்றது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்தார்கள். நோட்டு, பேனா, ஒரு போர்வை. வரிசையில் நிற்க வைத்தார்கள். வாங்கும்போது கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு பிள்ளை சிரிக்கவில்லை என்று மறுபடி வாங்க வைத்தார்கள். மறுநாள் எல்லோரும் நன்றிக் கடிதம் எழுதினோம். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதினோம். அந்தப் போர்வை நல்ல போர்வைதான், பல குளிர்காலம் தாங்கியது. ஆனால் அதே பள்ளியில் தினமும் மதியம் சோறும் முட்டையும் சாப்பிட்டோம். அதற்காக ஒருநாள்கூட யாரும் எங்களை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னதில்லை. முட்டை சின்னதாக இருந்தால் எங்கள் அம்மாக்கள் வந்து சத்தம் போட்டார்கள். போர்வை மெல்லிசாக இருந்திருந்தால் யாரிடம் போய்ச் சத்தம் போட்டிருப்பார்கள்?

உரிமைக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அங்கேதான் புரிந்தது. உரிமை உள்ளவர் சத்தம் போடலாம். கொடை வாங்குபவர் சிரிக்க வேண்டும்.

இப்போது கடமைகள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம், 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வீடு, காப்பகம், கல்வி ஆகியவற்றை முதலாளி தன் சொந்தப் பணத்திலும் தரலாம், ஒன்றிய, மாநில, உள்ளாட்சித் திட்டங்கள் வழியாகவும் தரலாம் என்று அது வழி திறக்கிறது. அதாவது தோட்ட முதலாளி தோளிலிருந்த சுமை பஞ்சாயத்துத் தோளுக்கு மாறலாம். பஞ்சாயத்திடம் பணம் இருக்காது. அப்போது ‘நன்கொடையாளரைத் தேடுங்கள்’ என்பார்கள். தேடினால் யார் கிடைப்பார்? அதே முதலாளியோ, அவர் போன்ற இன்னொருவரோ, ஒரு அறக்கட்டளையின் பெயரில் வருவார். கடமையாகச் செய்ய வேண்டியிருந்ததைக் கொடையாகச் செய்வார். அதற்கு வரிச் சலுகை பெறுவார். நாம் மாலை போட வேண்டும்.

எங்கள் மக்களுக்கு இன்றைக்கு உயிர்ப் பிரச்சினை எது? வீடு வேலையோடு கட்டப்பட்டது. 58 வயதிலோ 60 வயதிலோ ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருடம் அந்த மலையைப் பச்சையாக வைத்திருந்தவருக்கு அங்கே கால் ஊன்ற ஒரு சென்ட் கிடையாது. 2022இல் டேன்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கும் முடிவு வந்தபோது, தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தது அதனால்தான். இதில் எந்த அறக்கட்டளை உள்ளே வர முடியும்? போர்வை தரலாம், கண் பரிசோதனை முகாம் நடத்தலாம், தையல் எந்திரம் தரலாம். பட்டா தர முடியாது. கூலியை உயர்த்த முடியாது. பணிக்கொடையை வாங்கித் தர முடியாது. சாதிச் சான்றிதழ் தர முடியாது. ஏழ்மையை உண்டாக்கும் இடங்களில் அது கை வைக்காது, வைக்கவும் விடமாட்டார்கள். ஏனென்றால் அங்கே கை வைத்தால் நன்கொடையாளரின் நிலத்திலும் லாபத்திலும் கை படும்.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்களே, பெண்பிள ஒருமை, நினைவிருக்கிறதா? அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் தலித் பெண்கள். அவர்கள் கேட்டது 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும். தொண்டு முகாம் ஒன்றையும் கேட்கவில்லை. தங்களுக்கு என்ன வர வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த கேள்வி, யார் முடிவு செய்கிறார்கள் என்பது. சாதிச் சமூகத்தில் ‘கொடையாளர்’ என்பவர் வானத்திலிருந்து வருவதில்லை. நிலமும் மூலதனமும் எந்தச் சாதிகளிடம் குவிந்திருக்கிறதோ, அங்கிருந்தே வருகிறார். தன் தட்டையும் கூடவே கொண்டு வருகிறார். 2020 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு வழங்க அட்சய பாத்திரா அமைப்பின் சமையற்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆளுநரின் விருப்புரிமை நிதியிலிருந்து 5 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது. முட்டை, வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் அந்த அமைப்பின் கொள்கை. 1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவில் நுழைந்த முட்டை, 2010 முதல் வாரம் ஐந்து நாளாக ஆனது. ஏழைப் பிள்ளையின் உடம்புக்கு என்ன தேவை என்று ஓர் அரசு எடுத்த அறிவியல் முடிவு அது. அதே பள்ளியில், அதே பிள்ளையின் தட்டில், வேறொருவரின் ‘தூய்மை’ பரிமாறப்பட இருந்தது. எதிர்ப்பு வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தை அரசே தொடங்கியபோது மகளிர் சுய உதவிக் குழுக்கள் சமைத்தார்கள்.

சமைப்பவர் யார் என்பதும் சின்ன விஷயமல்ல. 2018இல் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரை இடமாற்றமும் செய்தார்கள். இயக்கங்கள் போராடின. இடமாற்றம் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. அது அரசு வேலை என்பதால் ஓர் ஆணை இருந்தது, அதை ரத்து செய்யச் சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. ஓர் அறக்கட்டளைச் சமையற்கூடமாக இருந்திருந்தால் அவரை வேலைக்கே எடுத்திருக்க மாட்டார்கள், நமக்குச் செய்தியும் தெரிந்திருக்காது. அரசுப் பணிக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அறக்கட்டளைப் பணிக்கு இல்லை. ஒவ்வொரு நலத்திட்டமும் தனியார் தொண்டுக்குப் போகும்போது, அதோடு சேர்ந்து அந்த வேலைகளும் இடஒதுக்கீட்டிலிருந்து கழன்று போகின்றன.

நம் இயக்க வரலாற்றில் இந்தச் சண்டை பழையது. 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஜி.டி. பிர்லா தலைவராகவும் ஏ.வி. தக்கர் செயலாளராகவும் இருக்க, தீண்டாமை எதிர்ப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. அதுவே அரிசன சேவா சங்கம் ஆனது. அந்த நவம்பரில் லண்டன் போகும் வழியில் கப்பலிலிருந்து அம்பேத்கர் தக்கருக்குக் கடிதம் எழுதினார். தனி மனிதர்களின் ஒழுக்கத்தைத் திருத்தும் வேலையில் சக்தியை வீணாக்காதீர்கள், கிணறு, பள்ளி, ஊர்ச் சாவடி ஆகியவற்றில் குடிமை உரிமையை நிலைநாட்டப் போராடுங்கள், வேலை செய்பவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே வரட்டும் என்பதே அதன் சாரம். அவர் கேட்டது நடக்கவில்லை. சங்கம், தீண்டாமை பாராட்டியவர்கள் பிராயச்சித்தம் செய்யும் இடமாகவும் உதவி வழங்கும் இடமாகவும் ஆனது. 1934 தொடக்கத்தில் அரிசன நிதி திரட்டும் சுற்றுப்பயணத்தில் காந்தி எங்கள் குன்னூரிலும் தங்கினார். கொடுத்தவர்களின் மனம் மாறியிருக்கலாம். தோட்டத்து லயத்தில் இருந்தவருக்குச் சட்டப்படியான வீடு கிடைக்க 1951 ஆக வேண்டியிருந்தது.

அதற்கும் நாற்பது ஆண்டுக்கு முன்பே இதே மலையில் வேறொரு குரல் எழுந்தது. நீலகிரியில் வளர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். பள்ளிக்கூடம், உதவித்தொகை, அரசு வேலை, உள்ளாட்சியில் இடம், பொதுக்கிணறு, சிறையில் இழிவேலை வாங்கும் விதியை நீக்குதல். படித்துப் பாருங்கள். ‘ஏழை எளியோர்மேல் இரக்கம் காட்டுங்கள்’ என்று எந்தச் செல்வந்தருக்கும் எழுதியதல்ல அது. ஆட்சியாளர்களிடம் சட்டமாகவும் ஒதுக்கீடாகவும் கேட்டது. 130 ஆண்டுக்கு முன் ஊட்டியில் வைத்த அந்தப் பட்டியலிலிருந்து நாம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோமா என்பதுதான் என் பயம்.

‘அப்படியானால் தொண்டு நிறுவனங்களே வேண்டாமா? அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாதபோது அவர்கள்தானே வந்தார்கள்?’ என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. கூடலூரையே எடுத்துக்கொள்வோம். 1986இல் அங்கே தொடங்கிய அக்கார்டு அமைப்பு, ஆதிவாசிகளின் நில உரிமையை முன்வைத்தது. 1988இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூரில் பேரணி நடத்தினார்கள். அதன்பிறகு வந்ததுதான் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் பெண்களே செவிலியராகவும் நிர்வாகிகளாகவும் வந்தார்கள். நான் அதை மதிக்கிறேன். அங்கே உரிமைப் போராட்டம் முதலில் வந்தது, உதவி அதன் பின்னால் வந்தது. நிர்வாகமும் மக்கள் கைக்குப் போனது. ஆனால் நல்லவர்கள் நான்கு பேர் கூடலூரில் இறங்கியதால் கூடலூருக்குக் கிடைத்தது, நல்லவர்கள் இறங்காத பள்ளத்தாக்குக்குக் கிடைப்பதில்லை. ஒரு குழந்தையின் உயிர் அப்படிப்பட்ட தற்செயலை நம்பியிருக்கக் கூடாது.

நன்கொடையிலிருந்து உரிமைக்குப் போன பாதையும் நம்மிடமே இருக்கிறது. காமராசர் காலத்துப் பகலுணவு 1956இல் ஊர் மக்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும்தான் தொடங்கியது. அது அங்கேயே நின்றிருந்தால் பணக்கார ஊரில் சோறும் ஏழை ஊரில் பட்டினியும் என்றே இருந்திருக்கும். அரசு பங்கேற்றது, பங்கு வளர்ந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசின் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. கொடையில் தொடங்குவதில் தவறில்லை. சட்டத்தில் போய்ச் சேர வேண்டும். இன்று சில கொள்கை வல்லுநர்கள் வண்டியைப் பின்னோக்கி ஓட்டச் சொல்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவற்றை எளிமையாகச் சொல்கிறேன். ஒன்று, வரிச் சலுகை பெறும் ஒவ்வொரு நன்கொடையிலும் பொதுப்பணம் இருக்கிறது. எனவே குறிப்பிட்ட தொகைக்கு மேல் அப்படிப் பெறும் அறக்கட்டளைகள் அனைத்தும் தகவல் உரிமைச் சட்டத்துக்கும் பணியமர்த்தலில் இடஒதுக்கீட்டுக்கும் கட்டுப்பட வேண்டும். இரண்டு, பள்ளிகளுக்கு வரும் நிதி பொதுத் தொகுப்பில் சேரட்டும், தேவையைப் பார்த்து அரசு பிரித்துத் தரட்டும். கல்வெட்டும் கேமராவும் நன்றிக் கடிதமும் வேண்டாம். மூன்று, தோட்டத் தொழிலாளியின் வீடும் காப்பகமும் மருத்துவமும் முதலாளியின் கடமை என்பது மாநில விதிகளில் நழுவாமல் எழுதப்பட வேண்டும். ஓய்வுபெற்றவருக்குப் பட்டாவோடு வீடு வேண்டும்.

உங்களில் பலர் ஊட்டிக்கும் குன்னூருக்கும் தன்னார்வலர்களாக வருகிறீர்கள். வாருங்கள். வரும்போது கையில் போர்வையோடு ஒரு கேள்வியையும் கொண்டு வாருங்கள். ஒரு தோட்டத்தில் ‘எங்கள் சி.எஸ்.ஆர். பணி’ என்று பலகை மாட்டிய காப்பகத்தைப் பார்த்தால் கேளுங்கள்: இது சட்டப்படி நீங்கள் செய்ய வேண்டியதா, கூடுதலாகச் செய்ததா? வேறு சட்டத்தின்படி செய்தாக வேண்டிய கடமையை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டக் கூடாது என்று சி.எஸ்.ஆர். விதிகளே சொல்கின்றன. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவையும் அப்படிக் காட்ட முடியாது. தொழிலாளர் துறைக்கு ஒரு தகவல் உரிமை மனு போட 10 ரூபாய் போதும். அதை எழுதத் தெரிந்த ஒரு இளைஞர், நூறு போர்வையைவிட எங்களுக்குப் பயன்படுவார்.